எழுபத்திரண்டு கேன்களுக்கு ஒரு லேபிள்

மார்ச் 15, சனி

ஒரு நோட்டு வாங்கி தினமும் ஏதாவது எழுதச் சொன்னது கவுன்சிலர் ஷீலா. பதினைந்து நாளுக்கு ஒருமுறை அவரைப் போய்ப் பார்க்கிறேன். மனதில் இருப்பது எழுத்தில் வராவிட்டால் அன்றைக்குச் செய்த வேலையையாவது எழுதுங்கள் என்றார். சரி, வேலை.

இரண்டு தடவை வாஷிங் மெஷின் போட்டேன். வர்ஷாவை நீச்சல் வகுப்புக்கு நடத்தியே கூட்டிப் போனேன். வெரிபி புறநகரில் எலுமிச்சை ஊறுகாய் போட்டு விற்கும் ஒரு அம்மாவுக்கு நாற்பது லேபிள் அச்சடித்தேன். மஞ்சள் பச்சையடித்து வந்தது. மறுபடி அடித்தேன். சமையலறை அலமாரியைத் துடைத்தேன். போன வாரம்தான் துடைத்திருந்தேன்.

மாலையில் தம்பி வேலு வந்தான். ஏப்ரல் இருபத்தாறாம் தேதி அவனுக்கும் லின்ஸிக்கும் கல்யாணம். லின்ஸி கோட்டயத்துப் பெண், இங்கே மெல்பர்னில் நர்ஸ். வந்தவன் உட்காரக்கூட இல்லை.

"க்கா, உன்கிட்ட ஒரு வேலை இருக்கு. மாட்டேன்னு சொல்லக் கூடாது."

வீட்டிலேயே பியர் போடக் கற்றுக்கொண்டிருக்கிறான். இந்த நாட்டில் சொந்த உபயோகத்துக்குப் போட்டுக்கொண்டால் தப்பில்லை. கல்யாண விருந்துக்கு எழுபத்திரண்டு கேன். கடையில் வாங்கியது போல ஒவ்வொன்றிலும் லேபிள் இருக்க வேண்டும்.

"சிவகாசி பிரஸ்ல ஏழு வருசம் டிசைன் பண்ணுன அக்கா இருக்கும்போது நான் எவன்கிட்ட போய் நிப்பேன்?"

சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்.

மார்ச் 17, திங்கள்

இவரிடம் இன்றுதான் சொன்னேன். இவர் என்றால் என் கணவர் தர்மராஜ். பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

"முடியாதுன்னு சொல்லிரு."

"என்ன காரணம் சொல்ல?"

"வேலை நிறைய இருக்குன்னு சொல்லு."

"கூடப்பிறந்த தம்பி கல்யாணத்துக்கு எனக்கு நேரமில்லையா? நம்புவானா அவன்?"

துடைத்து வைத்த தட்டையே எடுத்து மறுபடி துடைத்தார்.

"லேபிள் வெறும் காகிதம்தாங்க" என்றேன்.

"காகிதம்தான்" என்றார்.

மார்ச் 20, வியாழன்

வேலு அளவுக்காக ஒரு காலி கேன் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். சுற்றளவு இருநூற்று ஏழு மில்லிமீட்டர். லேபிள் உயரம் தொண்ணூற்றைந்து வைக்கலாம். ஏ-ஃபோர் தாளில் மூன்று வரும். ஆனால் என் பிரிண்டர் ஓரம்வரை அடிக்காது, அகலம் இருநூறுதான் கிடைக்கும். கேனைச் சுற்றினால் ஏழு மில்லி இடைவெளி விழும்.

படம் என்ன போடுவது என்று போனில் கேட்டேன்.

"படகும் தென்னைமரமும் மட்டும் வேண்டாம்க்கா. லின்ஸி கொன்னுருவா."

இரண்டு பேரும் முதலில் பார்த்துக்கொண்டது ரயில் நிலையத்தில். ஓடிவந்து ஏறப்போன ரயிலின் கதவு இரண்டு பேர் முகத்துக்கும் நேரே மூடிவிட்டது. அடுத்த ரயிலுக்கு நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தில் பேச ஆரம்பித்தவர்கள்.

பியருக்குப் பெயர் 'அடுத்த ரயில்' என்று வைத்தேன். கேனைச் சுற்றி ஒரு ரயில் ஓடும். எஞ்சின் கடைசிப் பெட்டியைத் தொடப்போகிற இடத்தில் அந்த ஏழு மில்லி அலுமினியம் வெறுமனே பளபளக்கும். அதுதான் பிளாட்பாரம். ஒரு பக்கம் இவன், ஒரு பக்கம் அவள்.

பிழையை வடிவமாக மாற்றிவிட்டால் உள்ளுக்குள் ஒரு துள்ளல் வரும். நாலு வருடமாக வராதது இன்று வந்தது. காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தவள் மதியச் சாப்பாட்டை மறந்துபோனேன்.

கடைசியாக ஓரத்தில் சின்ன எழுத்தில் 'ஆல்கஹால் 4.8%' என்று அடிக்க வேண்டியிருந்தது. அடித்தேன். அழித்தேன். எழுந்து போய்த் துணி மடித்துவிட்டு வந்து மறுபடி அடித்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

கேன்கள் வந்துவிட்டன. லேபிள் ஒட்டும்போது கொண்டுவருவான் என்று நினைத்திருந்தேன். ஐந்து வாரம் முன்னாலேயே எல்லாவற்றையும் கொண்டுவந்து எங்கள் கராஜில் இறக்கிவிட்டான்.

"மூடினதுக்கு அப்புறம் ரெண்டு வாரம் கதகதப்பா இருக்கணும்க்கா, அப்பதான் உள்ள கேஸ் ஏறும். என் ஃபிளாட் ஐஸ்பெட்டி மாதிரி இருக்கு. லின்ஸியோட கசின்ஸ் வேற வந்து எறங்கிட்டாங்க."

"உன் ஃபிரண்ட்ஸ் யார் வீட்லயாவது…"

"அவனுங்க வீட்லயா? கல்யாணத்துக்குள்ள பாதி காலியாயிரும். உன் வீடுன்னா நான் நிம்மதியாத் தூங்குவேன்."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். இவர் ஹாலில் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

போகும்போது என் காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டான். "இது என்னக்கா, வயரோட தொங்குது? வாக்கிடாக்கி மாதிரி?"

"இன்சூரன்ஸ்காரங்க போடச் சொன்னது. டிராக்கர்" என்றேன். அவன் போனதும் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன்.

மார்ச் 25, செவ்வாய்

ஷீலாவிடம் போனேன். நோட்டைக் காட்டச் சொல்லவில்லை. "எழுதுகிறீர்களா?" என்று கேட்டார். எழுதுகிறேன் என்றேன். "அந்த வார்த்தையை எழுதினீர்களா?" என்றார்.

சரி. எழுதுகிறேன்.

நான் குடித்துக்கொண்டிருந்தேன். இப்போது குடிப்பதில்லை. இன்றோடு நூற்று அறுபத்தேழு நாள். அதற்கு முன்னால் ஒருமுறை விட்டு, மூன்றரை மாதத்தில் உடைந்தது. காரில் தொங்குவது ஊதுகிற கருவி. நான் ஊதி, மூச்சு சுத்தமாக இருந்தால்தான் வண்டி கிளம்பும். கோர்ட்டில் போடச் சொன்னது. இவருக்குத் தெரியும். வேலுவுக்குத் தெரியாது. ஊரில் அம்மாவுக்குத் தெரியாது.

கராஜில் எழுபத்திரண்டு கேன் இருப்பதை ஷீலாவிடம் சொல்லவில்லை.

மார்ச் 26, புதன்

முதல் சோதனை படுதோல்வி. என் பழைய இங்க்ஜெட்டில் அடித்த லேபிளை ஒரு எலுமிச்சை சோடா கேனில் ஒட்டி ஐஸ் தண்ணீரில் போட்டேன். பத்தே நிமிடத்தில் ரயிலின் நீலம் முழுவதும் கரைந்து வாளிக்குள் போய்விட்டது. இனி லேசர் பிரிண்டர்தான் என்று, அதன் சூட்டில் சுருங்காத பிளாஸ்டிக் ஸ்டிக்கர் தாள் ஆர்டர் செய்தேன். முப்பது தாள். இருபத்துநாலு போதும், ஆறு கையிருப்பு.

வர்ஷா அந்த வாளியைப் பார்த்துவிட்டு, "அம்மா, கடல்ல ரயில் முங்கிப்போச்சா?" என்றாள். அவளுக்குப் பத்து வயது ஆகிறது. சில நேரம் ஆறு வயது போலப் பேசுகிறாள். போன வருடத்திலிருந்து அதிகமாக.

மார்ச் 28, வெள்ளி

இவர் கேன்களை எண்ணுகிறார்.

நேற்று அட்டைப்பெட்டிகளின் வாய் என் பக்கம் பார்த்து இருந்தது. இன்று சுவரைப் பார்த்து இருக்கிறது. எண்ணட்டும். நான் எண்ணுவதில்லையா? காலையில் வர்ஷாவைப் பள்ளியில் விட்டு வந்தபின் ஒரு தடவை, துணி காயப்போடப் போகும்போது ஒரு தடவை. காயப்போட்ட துணியை எடுக்கும்போது ஒரு தடவை.

கராஜ் வழியாகப் போகாமலும் துணி காயப்போடலாம்.

மார்ச் 30, ஞாயிறு

தாள் வந்தது. அடித்தேன். இரவெல்லாம் தண்ணீரில் ஊறியும் ரயில் அப்படியே நிற்கிறது. நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. வேலுவுக்குப் போட்டோ அனுப்பினேன். பதிலுக்கு லின்ஸி போன் செய்து அரை மலையாளத்தில் அழுதாள். "சேச்சி, அந்தச் சின்ன கேப்பு… அந்தச் சின்ன கேப்பு…" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்கும் போட்டோ போயிருக்கிறது. அவளுக்கு விசா கிடைக்கவில்லை, கல்யாணத்தை வீடியோவில்தான் பார்க்கப்போகிறாள். போன் செய்தாள். "என்னடி இது, ஜூஸ் டப்பாவா? நல்லாருக்கு" என்றாள். வேலு சொல்லவில்லை போல. நானும் ஜூஸ் என்றே விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

பன்னிரண்டு கேனுக்கு ஒட்டினேன். ஸ்டிக்கரின் ஒரு ஓரத்தைப் பிடித்து, கேனை மேஜைமேல் உருட்டிக்கொண்டே போக வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் ரயில் மலையேறிவிடும்.

கேன் கையில் கனமாக, மிதமான சூட்டில் இருக்கிறது. உருட்டும்போது உள்ளே அசைவது உள்ளங்கைக்குத் தெரிகிறது.

பன்னிரண்டோடு நிறுத்திவிட்டு வீட்டுக்குள் வந்து, மூன்று டம்ளர் மோர் குடித்தேன்.

ஏப்ரல் 3, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பதினோரு மணி. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கராஜிலிருந்து ஒரு சத்தம். எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு அந்தச் சத்தம் வெடிச் சத்தமாகத்தான் கேட்கும். கதவைத் திறந்தால் சுவரெல்லாம் நுரை. ஒரு கேன் வயிறு கிழிந்து கிடந்தது. வர்ஷாவின் சைக்கிள் சொட்டச் சொட்ட நின்றது.

வாசனை.

கிழிந்த கேனைக் குனிந்து எடுத்தேன். அடியில் இன்னும் கொஞ்சம் இருந்தது. மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஒழுகியது. கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அடுப்பில் தாளிப்பு கருகி புகை அலாரம் கத்தியது. அதுதான் என்னை நகர்த்தியது.

மீதியைச் சாக்கடையில் கொட்டினேன். தரையை மூன்று தடவை வினிகர் போட்டுக் கழுவினேன். துணி மாற்றினேன். கிழிந்த கேனைப் பையில் கட்டி, இரண்டு தெரு தள்ளியிருக்கும் பூங்காவுக்கு நடந்து போய், அங்கிருந்த குப்பைத்தொட்டியில் போட்டேன். வீட்டுத் தொட்டியில் போட்டால் இவர் பார்ப்பார் என்று. பார்த்தால்தான் எனக்கு நல்லது என்பது அப்போது தோன்றவே இல்லை. ஒளித்து ஒளித்துப் பழகிய கை.

ஆறு மணிக்கு இவர் வந்தார். வாசலிலேயே மூக்கு சுருங்கியது. நேராகக் கராஜுக்குப் போனார். திரும்பி வந்தபோது பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"எழுபத்தொன்னுதான் இருக்கு."

"ஒன்னு வெடிச்சிருச்சு."

"வெடிச்ச கேன் எங்க?"

"பூங்காத் தொட்டியில போட்டேன்."

"பூங்காவுலயா? நம்ம வீட்டுத் தொட்டிக்கு என்ன ஆச்சு?"

அடுப்பைத் துடைக்கப் போனேன்.

"மலரு" என்றார். "அக்டோபர்லயும் இப்படித்தான் ஒரு கதை சொன்ன."

கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. சாவியை எடுத்தேன்.

"வாங்க."

"எங்க?"

"வர்ஷாவ டியூஷன்லருந்து கூட்டிட்டு வரணும். நான் ஓட்டுறேன். வாங்க."

வாயை வெறும் தண்ணீரால் இரண்டு தடவை கொப்பளித்தேன். நான் ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை. ஆனால் அந்தக் காற்றைக் காலையிலிருந்து மூச்சாக இழுத்திருக்கிறேனே, கருவி அதைப் பிடித்துக்கொண்டால்? அப்புறம் என் பேச்சை யார் கேட்பார்கள்? துண்டை விலக்கி, கருவியை எடுத்து ஊதினேன். விடாமல், அது போதும் என்று சொல்லும்வரை. இவர் பக்கத்து சீட்டில் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணைக் காட்டுவதற்கு அது எடுத்துக்கொண்ட நேரத்தில் எதிர்வீட்டுக்காரர் நாயோடு முழுத் தெருவையும் கடந்துவிட்டார்.

பூஜ்யம். சாவியைத் திருப்பினேன். வண்டி கிளம்பியது.

இவர் பழக்கத்தில் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். தெருமுனை தாண்டியதும், "மன்னிச்சிரும்மா" என்றார். நான் இண்டிகேட்டர் போட்டேன்.

வர்ஷா ஏறியதும், "ரெண்டு பேரும் ஏன் வந்தீங்க? யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றோம். அவள் நம்பவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

மன்னிப்புக் கேட்டுவிட்டார். எனக்குச் சமாதானம் ஆகவில்லை. ஒரு கருவி சொன்னால்தான் என் வார்த்தை செல்லுபடியாகும் என்ற இடத்துக்கு அவரைக் கொண்டுவந்து நிறுத்தியவளும் நான்தானே. கோபத்தை யார்மேல் போடுவது என்று தெரியாமல் வீடு முழுக்கப் பெருக்கினேன்.

ஏப்ரல் 5, சனி

கேன் வெடித்ததைக் கேட்டு வேலு வந்தான். சர்க்கரை அளவு கூடிவிட்டதாம். ஒவ்வொரு கேனாக அழுத்திப் பார்த்து, வீங்கியிருந்த ஒன்பதைத் தனியாக எடுத்து முற்றத்தில் மெதுவாகத் திறந்து, புல்லில் ஊற்றினான். நான் சமையலறை ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

உள்ளே வந்து கை கழுவிக்கொண்டே கேட்டான்: "பத்து போச்சு. ஆமா, உண்மையிலேயே வெடிச்சுதா? இல்ல நீயே குடிச்சிட்டுக் கதை விடுறியா?"

கண்ணைச் சிமிட்டிச் சிரித்தான். அவனுக்கு அது உலகத்திலேயே நடக்க முடியாத காரியம். அதனால்தான் அது நகைச்சுவை.

"நான் குடிப்பேன்டா வேலு" என்றேன்.

சிரிப்பு அப்படியே இருந்தது. மீதியையும் சொல்வேன் என்று காத்திருந்தான்.

"குடிச்சிட்டு இருந்தேன். நாலு வருசம். தினமும். இப்ப நிறுத்தி ஆறு மாசம் ஆகப்போகுது. வண்டியில இருக்கறது டிராக்கர் இல்ல."

துண்டைத் தேடிக் கை துடைத்தான். நீண்ட நேரம் துடைத்தான்.

"மச்சானுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நாலு வருசமா? வாராவாரம் இங்க வந்து சாப்பிட்டுப் போறேன். எனக்கு ஏன் சொல்லல?"

"நீ அக்கா அக்கான்னு வருவ. அத எப்படிடா…"

"அப்ப இந்தக் கேன்களை இங்க வைக்க ஏன் சரின்ன? வாயத் தொறந்து வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்ல?" செருப்பைச் சரியாகப் போடாமலே வெளியே போனான். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. கேன்களை எடுத்துப் போகவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

போன் இல்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஷீலாவிடம் கேன்களைப் பற்றியும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் கேன்கள் இன்றைக்கே உங்கள் வீட்டைவிட்டுப் போக வேண்டும் என்றார். அது எனக்கும் தெரியும்.

வேலுவிடமிருந்து போன் இல்லை. நான் இரண்டு தடவை அடித்தேன். எடுக்கவில்லை.

சாயங்காலம் நானும் இவரும் பெட்டிகளைத் தூக்கி, இவருடைய நண்பர் வீட்டு ஷெட்டில் வைத்துவிட்டு வந்தோம். வண்டியில் போகும்போது, "நீ தூக்க வேண்டாம்னு நெனச்சேன். ஆனா தூக்குனது நல்லாருந்துச்சு" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஏப்ரல் 12, சனி

காலை பத்து மணிக்கு வேலு வந்தான். ஷேவ் செய்யவில்லை. இவரிடம் விசாரித்து, நண்பர் வீட்டுக்குப் போய்க் கேன்களை ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். எல்லாம் அவன் டிக்கியில் இருந்தன. சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன் என்றான்.

"லேபிள் அம்பது பாக்கி இருக்கு" என்றேன்.

"ஒட்டாமலே குடுத்துக்கலாம். நீ இனிமே அதத் தொடாத."

"லேபிள குடு, நாங்களே ஒட்டிக்கறோம்னாவது சொல்லு. ஒட்டாமக் குடுக்காத."

"எனக்கு ஒட்டத் தெரியாதுக்கா. கோணிரும்."

"அப்ப இறக்கு. வெளிய, வெயில்ல உக்காந்து முடிப்போம். நீ கூட இரு. முடிஞ்ச உடனே எடுத்துட்டுப் போயிரு."

யோசித்தான். பிறகு இறக்கினான். முற்றத்தில் பிளாஸ்டிக் மேஜை போட்டோம். அவன் கேனைத் துடைத்து நீட்டுவான், நான் உருட்டி ஒட்டுவேன், அவன் வாங்கிப் பெட்டியில் வைப்பான். இருபது கேன் அப்படியே போனது. பக்கத்து வீட்டில் யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எப்பிடி ஆரம்பிச்சுது?" என்றான், கேனைப் பார்த்தபடி.

சொன்னேன். ஊரடங்கில் வேலை போனது. இவர் ஆபீஸில் பரிசாக வந்த ஒயின் பாட்டில் அலமாரியில் கிடந்தது. ஒரு மதியம், சும்மா, என்னதான் இருக்கும் என்று. அந்த மதியம் சீக்கிரமாகக் கழிந்தது. அதுதான் பிடித்துப்போனது, ருசி அல்ல. அப்புறம் மதியத்துக்குக் காத்திருக்க முடியவில்லை. காரில் ஊதுகிற கருவியைக் கோர்ட்டில் போடச் சொன்னதையும் சொன்னேன்.

"கோர்ட்டு எதுக்கு?"

இதை இதுவரை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஷீலாவிடம்கூட, அவர் காகிதத்தில் படித்ததற்குத் தலையாட்டியதோடு சரி.

"போன ஜூன்ல வர்ஷாவ ஸ்கூல்லருந்து கூட்டிட்டு வந்தேன். ரோட்டுல நிறுத்தி எல்லாரையும் ஊதச் சொன்னாங்க. அவ பின் சீட்ல யூனிஃபார்மோட உக்காந்திருந்தா. என்னை இறங்கச் சொன்னாங்க. ஒரு லேடி போலீஸ் அவகிட்டப் போய் உனக்கு என்ன கலர் பிடிக்கும்னு கேட்டுட்டு இருந்தா. வர்ஷா என்னையே பார்த்துட்டு இருந்தா. நல்லாத்தான் ஓட்டுனேன்டா. யாருக்கும் ஒன்னும் ஆகல. இதையே ஆறு மாசம் சொல்லிட்டிருந்தேன், யாருக்கும் ஒன்னும் ஆகலன்னு."

வேலு கையிலிருந்த கேனை நீட்டாமல் வைத்துக்கொண்டிருந்தான்.

"உன் நாப்பதாவது பொறந்தநாளுக்கு நான்தான்க்கா ஊத்திக் குடுத்தேன். நீ வேண்டாம்ன. ஒரே ஒரு கிளாஸ்னு நான்தான் கட்டாயப்படுத்துனேன்."

"அதுக்கு முன்னாடியே நான் ரெண்டு முடிச்சிருந்தேன்" என்றேன்.

என்னைப் பார்த்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வந்தது. சிரிக்க ஆரம்பித்தவன் முகத்தை முழங்கைக்குள் புதைத்துக்கொண்டான். அவன் முதுகைத் தட்டிக்கொடுக்கலாம் என்றால் என் விரலெல்லாம் ஸ்டிக்கர் பசை.

கல்யாணத்தில் பியரே வேண்டாம், எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறேன் என்றான்.

"கொட்டாத. எனக்காக உன் கல்யாணத்த மாத்தாத. அத என்னால தாங்க முடியாது. நான் எட்டு மணிக்குக் கிளம்பிருவேன். யாராவது கேட்டா முதுகுவலி அது இதுன்னு பொய் சொல்லாத. கிளம்பிட்டாங்கன்னு மட்டும் சொல்லு, போதும்."

"அம்மா கேட்டா?"

"அம்மாகிட்ட நீ எதுவும் சொல்லாத."

ஐம்பதாவது கேனை ஒட்டியபோது ஒரு மணி. கடைசி லேபிள் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. உரித்துவிட்டு வேறு ஒட்டப் போனேன். "இருக்கட்டும், அத நான் எடுத்துக்கறேன்" என்றான்.

ஏப்ரல் 18, வெள்ளி

புடவைக்கு ஜாக்கெட் சரியாக இல்லை. பிரித்துத் தைத்தேன். வர்ஷாவுக்கு ஷூ வாங்கினோம். தூக்கம் சரியில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

நேற்று கல்யாணம். நன்றாக நடந்தது. லின்ஸி அழகாக இருந்தாள். வேலு தாலி கட்டும்போது முடிச்சு நழுவி, லின்ஸியின் அம்மா விளக்கைப் பிடித்துக்கொண்டே அவனைத் திட்டினார்.

விருந்தில் ஐஸ் நிரப்பிய பெரிய தொட்டியில் ரயில்கள் மிதந்தன. ஒரு லேபிள்கூட உரியவில்லை. எல்லாரும் கேனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, அந்த இடைவெளிக்கு வந்ததும் சிரித்தார்கள். யார் செய்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் வேலு என்னைக் காட்டினான். நான் ஒரு கையில் எலுமிச்சைச் சாற்றையும் மறு கையில் வர்ஷாவின் ஷூவையும் பிடித்துக்கொண்டு நின்றேன். ஷூ அவள் காலைக் கடித்துவிட்டது.

சந்தோஷமாக இருந்தேனா என்றால் இருந்தேன். ஓடிவிட வேண்டும் போல இருந்ததா என்றால் அதுவும் இருந்தது. ஏழே காலுக்கு யாரோ என் பக்கத்தில் ஒரு கேனைத் திறந்தார்கள். அந்த 'ஷ்ஷ்' சத்தத்தில் என் பேச்சு பாதியில் நின்றது. யாரிடம் என்ன பேசிக்கொண்டிருந்தேன் என்பதே நினைவில்லை. எட்டு மணி வரைக்கும் காத்திருக்கவில்லை. இவரிடம் கண்ணைக் காட்டினேன். கையிலிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்தார். பாயசம் வரவில்லையே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து மூன்று பேரும் தோசை சாப்பிட்டோம்.

ஏப்ரல் 29, செவ்வாய்

காலை பதினொன்றரைக்கு முன்னால் ஒரு போன். கல்யாணத்தில் கேனைப் பார்த்தவர், பெயர் கிரேக். வேலுவோடு வேலை செய்கிறாராம். வீட்டில் பியர் போடுகிறவர்கள் இருபது பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு லேபிள் வேண்டும், வருடத்துக்கு மூன்று நான்கு முறை. நான் கேட்கிற விலையைத் தருவார்கள். ஊறுகாய் லேபிளில் ஒரு வருடம் கிடைப்பது அதில் இரண்டு மாதத்தில் கிடைக்கும்.

பியருக்கு நான் செய்வதில்லை என்றேன். மன்னிக்கவும், ஜாம், ஊறுகாய், தேன், சோப்பு, இதெல்லாம் செய்வேன்.

ஆனால் வேலு கல்யாணத்துக்குச் செய்தீர்களே, அவ்வளவு அழகாக, என்றார். மத விஷயமா என்று தயங்கிக் கேட்டார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வசதியாகவும் இருந்திருக்கும். வாய் வரைக்கும் வந்தது.

இல்லை என்றேன். எனக்குக் குடிப்பழக்கம் இருந்தது, விட்டுவிட்டேன், அதனால் அந்தப் பக்கம் போகாமல் இருக்கப் பார்க்கிறேன் என்றேன். முகம் தெரியாத ஆளிடம், இங்கிலீஷில், அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும்போது.

ஓ என்றார். அப்புறம், சரி, புரிகிறது என்றார். தெரிந்த வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்றார். நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

அவ்வளவுதான். ஜன்னலுக்கு வெளியே தபால்காரர் வண்டியை நிறுத்தி எதிர்வீட்டுப் பெட்டியில் கடிதம் போட்டுவிட்டுப் போனார். அடுப்பை அணைத்தேன். போன் இன்னும் கையிலேயே இருந்தது.

ஊரில் காலை ஏழு மணி. குளித்து, விளக்கேற்றி, காப்பியோடு உட்கார்ந்திருப்பாள். யோசித்தால் வைத்துவிடுவேன் என்று தெரியும். யோசிக்காமல் அடித்தேன்.

இரண்டாவது மணியிலேயே அம்மா எடுத்தாள்.

"சொல்லுடி" என்றாள்.